வேலிக்கு வெளியே முதல் ஞாயிறு

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

(சேலம், ஏற்காடு பகுதி வாசகர்களின் கடிதங்களுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறோம். ஐந்து வாரங்களுக்கு முன்பு, எங்கள் தெருமுனையில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு பெண் நாட்டு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஏழு மாதம் இருக்கலாம் என்று பரிசோதித்த மருத்துவர் சொன்னார். செம்பி என்று பெயர் வைத்திருக்கிறோம். இதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் நாய் வளர்த்ததில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், நாய்களுக்கென்றே உள்ள பூங்காவுக்கு இவளையும் அழைத்துப் போகச் சொல்கிறான். ஏற்காடு மலை அடிவாரத்தில் ஒருவர் தம் நிலத்துக்குக் கம்பிவேலி போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களை அவிழ்த்துவிட இடம் கொடுக்கிறார். வருகிற ஞாயிறு போகலாமா? கயிற்றை எப்போது அவிழ்ப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது, எதுவும் தெரியவில்லை. "அவிழ்த்துவிட்டால் தானாகப் பழகிக்கொள்ளும்" என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, அழகாபுரம்.

பதில்: வருகிற ஞாயிறு அவசியம் போங்கள், அம்மா; ஆனால் செம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். முதல் தடவை அந்த இடத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். அதற்கு அடுத்த வாரம் செம்பியைக் கூட்டிச் செல்லலாம்; அன்றைக்கும் அவள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மூன்றாவது தடவை உள்ளே போவதைப் பற்றி யோசிக்கலாம். இவ்வளவு நிதானம் எதற்கு என்று உங்கள் கணவர் கேட்பார். காரணத்தைச் சொல்கிறேன்.

தெருவில் பிறந்து ஆறு மாதம் தன் சாமர்த்தியத்தில் உயிர் பிழைத்த குட்டிக்குத் தெரிந்த முதல் பாடம் விலகி ஓடுவது. பெரிய நாய் முறைத்தால் சந்துக்குள் நுழைந்துவிடும், நின்றிருக்கும் காருக்கு அடியில் பதுங்கிவிடும், தன் தெருவின் எல்லைக்குத் திரும்பிவிடும். தெருநாய்களுக்குள் உண்மையான கடிசண்டைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவாக நடப்பதற்கு இந்த விலகும் வசதி ஒரு முக்கியமான காரணம். கம்பிவேலி போட்ட மைதானத்தில் அந்த வசதி இல்லை. வேலி வாகனத்தில் அடிபடாமல் நாயைக் காப்பாற்றுகிறது. அதே வேலிதான், பயந்த நாய் ஓடிப்போகும் வழியையும் அடைக்கிறது. ஆகவே அந்த மைதானத்துக்குள் செம்பிக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி நீங்கள்தான். அவள் உங்கள் காலடிக்கு ஓடிவந்தால் நீங்கள் அவளுக்கும் துரத்தி வரும் நாய்க்கும் நடுவில் நிற்க வேண்டும். தேவையானால் கதவைத் திறந்து வெளியே கொண்டுபோக வேண்டும். ஐந்து வாரப் பழக்கத்தில், பயம் வந்தால் இந்த அம்மாவிடம் ஓடலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்திருக்கிறதா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. வீட்டு மாடியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுங்கள். செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுப் பத்துக்கு எட்டு முறையாவது வந்தால் மைதானத்தைப் பற்றி நினைக்கலாம். அதுவரை, வந்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுத்துப் பழக்குங்கள். வந்த பிறகு எக்காரணம் கொண்டும் திட்டாதீர்கள்.

தடுப்பூசி விஷயத்தில் சமரசம் கூடாது. தாய்ப்பாலை மறக்கும் குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் முடியும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் முதலான நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைப் போடுகிறோம். செம்பியைப் போலப் பழைய விவரம் தெரியாத ஏழு மாத நாய்க்கு இடைவெளி விட்டு இரண்டு ஊசிகள் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி போட்டும் நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரைகூட, உயிரோடு இருக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினாலும் நம்பிவிட முடியாது. சென்ற மாதம் நோயுற்ற ஒரு குட்டி கழிந்துவிட்டுப் போன புல்லில் இந்த மாதம் உங்கள் குட்டி மூக்கை வைத்தால் போதும். உள்ளே விடுவதற்கு முன் தடுப்பூசி அட்டையைக் கேட்காத மைதானத்துக்கு நான் என் நாயைக் கொண்டுபோக மாட்டேன். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் இதோடு சேர்ந்தவை. மலை அடிவாரப் புல்வெளியில், மழை பெய்து ஓய்ந்த வாரங்களில், உண்ணி ஏறாமல் ஒரு நாய் திரும்புவது அபூர்வம். உண்ணி பரப்பும் ரத்த நோயால் காய்ச்சல் வந்து, தட்டணுக்கள் குறைந்து, மூக்கில் ரத்தம் கசியும் நிலையில் வரும் நாய்களை ஆண்டு முழுவதும் பார்க்கிறேன். வீடு திரும்பியதும் கழுத்துப்பட்டையைக் கழற்றி அதன் அடியிலும், காது மடலின் உள்பக்கத்திலும், விரல்களின் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். மிளகு போல ஏதாவது விரலில் தட்டுப்பட்டால் அது உண்ணிதான்.

செம்பி இல்லாமல் போகும் ஞாயிறன்று என்ன பார்ப்பது? கதவு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒரு கதவைத் திறந்து சிறிய கூண்டு போன்ற இடைவெளியில் நின்று, அதை மூடிய பிறகே அடுத்த கதவைத் திறக்கும் ஏற்பாடு இருந்தால்தான் நாய் வெளியே பாயாது. வேலியின் அடிப்பக்கம் மண்ணோடு ஒட்டியிருக்கிறதா, நிழல் இருக்கிறதா, சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாய்களின் சொந்தக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பேரும் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல புல்வெளியாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

இதை நான் புத்தகத்தைப் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், என் நாயை அப்படி ஒரு தனியார் மைதானத்தில் அவிழ்த்துவிட்டு, நோயாளி நாய் ஒன்றைப் பற்றிக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று நாய்கள் என் நாயைத் துரத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விளையாடுகின்றன என்று நினைத்தேன். அது வேலி மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, வாலை வயிற்றோடு சுருட்டி, மூக்கை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் கவனித்தேன், ஆனாலும் பேச்சை முடிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் இடது காது மடல் கிழிந்துவிட்டது. ஆறு தையல் போட்டேன். காது ஆறிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு அடையாளம் தெரியாத நாய் எதிரில் வந்தால் என் நாய் முந்திக்கொண்டு உறும ஆரம்பித்தது, அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. தானாகப் பழகிக்கொள்ளும் என்று உங்கள் கணவர் சொல்வது பாதி சரி: நாய் தானாகப் பழகத்தான் செய்யும், ஆனால் எதைப் பழகும் என்பது அன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது ஞாயிறு செம்பியோடு போகும்போது, வேலியிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதைவிட, அவள் தின்பண்டத்தை வாங்கித் தின்னும் தூரத்தில் நில்லுங்கள் என்று சொல்வது சரியாக இருக்கும். கோழிக்கறியை மோந்துகூடப் பார்க்காமல் விறைத்து நின்றால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். இன்னும் பின்னால் போங்கள். உடம்பு தளர்ந்து, மண்ணை முகர்ந்து, அவ்வப்போது உங்களைத் திரும்பிப் பார்த்தால் சில அடிகள் முன்னேறலாம். பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று தோன்றும் நேரத்தில் கிளம்புவதுதான் நல்லது.

உள்ளே போகும் நாளில், நாய்கள் குறைவாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். இரண்டு மூன்று நிதானமான நாய்கள் இருந்தால் போதும். இரு கதவுகளுக்கும் இடைப்பட்ட இடத்திலேயே கயிற்றைக் கழற்றிவிடுங்கள். பயத்தில் பலர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். சுற்றிலும் அவிழ்த்துவிட்ட நாய்கள் இருக்க, கட்டப்பட்ட நாய் மட்டும் விலக முடியாமல் மாட்டிக்கொள்வதால் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. கயிறு அவிழ்க்கும் அளவுக்கு நம்பிக்கை இல்லையென்றால் அன்றைக்கு உள்ளே போக வேண்டாம். உள்ளே போனதும் கதவருகே நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். நீங்கள் நடந்தால் அவள் உங்கள் பின்னால் வருவாள், மற்ற நாய்கள் அவளைச் சுற்றி வளைக்காது.

விளையாட்டையும் துரத்தலையும் பிரித்துப் பார்ப்பது சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். விளையாட அழைக்கும் நாய் முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வாய் தளர்ந்து திறந்திருக்கும், அசைவுகள் வளைந்து வளைந்து இருக்கும். துரத்தியது கொஞ்ச நேரத்தில் துரத்தப்படும், கீழே புரண்டது அடுத்து மேலே ஏறும், இடையிடையே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொள்ளும். ஒரே நாய் எப்போதும் கீழேயே கிடந்தாலோ, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை மட்டும் விரட்டினாலோ, வாய் மூடி, உடம்பு கட்டைபோல் விறைத்து, கண் கொட்டாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாலோ அது விளையாட்டு அல்ல. வாலாட்டுவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உயரத் தூக்கிய வாலை விறைப்பாக வெடுக்கு வெடுக்கென்று ஆட்டும் நாயிடமிருந்து செம்பியைத் தள்ளி அழைத்துப் போங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. துரத்தும் நாயை அதன் சொந்தக்காரரிடம் ஒரு கணம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுபட்ட நாய் திரும்ப அதனிடமே ஓடிவந்தால் இருவருக்கும் விளையாட்டு பிடித்திருக்கிறது; உடம்பை உதறிக்கொண்டு தூரப் போனால் அதற்குப் போதும் என்று அர்த்தம்.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும் நாய்க்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும், விளையாட்டு வேகத்தில் அது நிறுத்தவும் செய்யாது. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் மைதானத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத தரை அவள் பாதத்துக்கும் ஆகாது. தள்ளாடி, எச்சில் கொழகொழவென்று வடிந்து, ஈறு செக்கச் சிவந்துபோனால் மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி விசிறுங்கள், குளிரவைத்துக்கொண்டே கொண்டுவாருங்கள். வாசலுக்கு வரும்போதே உடல் சூடு இறங்க ஆரம்பித்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் நீட்டாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். வெறியில் இருக்கும் நாய்க்கு எது நாய், எது கை என்று தெரியாது. வளர்த்தவர் கையையே கடித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசலாம்; நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகலாம். அதற்கும் பிரியவில்லையென்றால் இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அவர் நாய்தான் கடிபடும். பல் பட்ட காயம் வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், உள்ளே தோல் சதையிலிருந்து பிரிந்து சீழ் வைக்கும், அன்றைக்கே காட்டுங்கள். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால், கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். நோய் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை என்பதால் இதை மட்டும் நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை: தண்ணீர், தனிக் கிண்ணம், கழிவை அள்ளப் பை, ஆறடிக் கயிறு. பொதுத் தொட்டித் தண்ணீர் வேண்டாம். பந்தும் பிஸ்கட் பொட்டலமும் மைதானத்துக்குள் வேண்டாம். முன்பின் தெரியாத நாய்கள் அடித்துக்கொள்ள அவையே போதும். பேரக்குழந்தைகள் இருந்தால் அவர்களையும் உள்ளே அழைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு வயது ஆண் சிப்பிப்பாறை வளர்க்கிறேன். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. இங்கேயே இவ்வளவு இடம் இருக்கும்போது, அடிவாரத்து மைதானத்துக்கு இறக்கிக் கொண்டுபோக வேண்டுமா? வண்டியில் வாந்தியும் எடுக்கிறது. – ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: தம்பி, உங்களுக்கு இடம் இருக்கிறது, வேலி இல்லை. அந்த ஒரு மணி நேரம் அது எங்கே போய்வருகிறது என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சேர்வராயன் மலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் சாதாரணமாக வந்து மேய்கின்றன. கூட்டத்தில் கன்று இருந்தால், குரைத்துக்கொண்டு வரும் நாயை அவை விடாது. நாய் பயந்து உங்களிடம் ஓடிவந்தால் பின்னாலேயே காட்டெருமையும் வரும். மலையோரக் காடுகளில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், இறைச்சிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும் நாய் என்று பார்ப்பதில்லை. அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிய நாயை ஒருமுறை மேசையில் கிடத்திப் பார்த்தவர்கள் அப்புறம் தங்கள் நாயைக் காட்டோரம் அவிழ்த்துவிட மாட்டார்கள். இவற்றோடு, பழம் சிவந்து பறிப்பு நடக்கும் மாதங்களில் கீழே உதிர்ந்த காபிப் பழத்தைத் தின்னவிடாதீர்கள். தோல் இனிப்பாக இருப்பதால் சில நாய்கள் விரும்பித் தின்னும்; உள்ளிருக்கும் கொட்டையைக் கடித்தால் காஃபின் நாயின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி வலிப்புவரை கொண்டுபோகும். பதற்றமாக அலைந்து, வாந்தி எடுத்து, நடுங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆகவே உங்கள் தோட்டத்திலேயே கால் ஏக்கருக்கு ஆறடி உயர வலை அடிக்க முதலாளி சம்மதித்தால், அதைவிடச் சிறந்த நாய்ப் பூங்கா வேறில்லை. அதுவரை முப்பதடி நீளக் கயிற்றை மார்புப்பட்டையில் மாட்டி ஓடவிடுங்கள். இந்த வேகத்துக்குக் கழுத்துப்பட்டையில் மாட்டினால் கயிறு முடியும் இடத்தில் கழுத்து நரம்பு அடிபடும்.

பொது மைதானத்துக்கு உங்கள் சிப்பிப்பாறையைக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்த கணத்தில் பாய்ந்து விரட்டுவதற்காகத் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்க்கப்பட்ட நாய்கள். வீட்டில் பூனைபோல் அமைதியாகப் படுத்திருக்கும் அதே நாய், வெள்ளையாகச் சிறியதாக ஒன்று கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால் தன்னை மறந்துவிடும். அது கோபமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. ரத்தத்தில் ஊறிய வேலை. எனவே பொமரேனியன், ஷிட்சு போன்ற சிறிய நாய்கள் இருக்கும் பக்கம் அதை விடவே கூடாது. தன் உயரமுள்ள நாய்கள் மட்டும் இருக்கும் நேரத்தைக் கேட்டு முன்பதிவு செய்து வாருங்கள்.

வாந்திக்குக் காரணம் ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். பின் இருக்கையில் ஆடாமல் இருக்கும்படி பட்டையால் மாட்டி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். பாதி வழியில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் பயண வாந்திக்கென்று நாய்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை உங்கள் மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். மேலே குளிரில் இருந்து பழகிய நாய் என்பதால், கோடையில் அடிவாரத்துச் சூடு சேலத்து நாயைவிட உங்கள் நாயை வேகமாகத் தாக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: மூக்கனேரிப் பக்கம் காலையில் நாயை நடத்திப் போகிறேன். பூங்காவுக்குக் கூட்டிப் போகும் முன் அதைக் கொஞ்சம் பழக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் வழியில் தெருநாய்கள் ஐந்தாறு சேர்ந்து சூழ்ந்துகொள்கின்றன. கையில் தடி வைத்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், கன்னங்குறிச்சி.

பதில்: தடியை ஓங்கினால் அன்றைக்கு ஓடும் கூட்டம், மறுநாள் உங்களைத் தூரத்தில் கண்டதுமே குரைக்க ஆரம்பிக்கும். அந்தத் தெரு அவற்றின் எல்லை. உங்கள் நாய் அவற்றுக்கு அன்னியம். தூரத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, வளைந்து, ஒரே சீரான நடையில் கடந்துவிடுங்கள். ஓடாதீர்கள், அவற்றின் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் செய்யாதீர்கள். தூக்கினால் மற்றவை உங்கள் மேல் தாவும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் கயிறு வழியே நாய்க்குப் போய்ச் சேரும், ஆகவே அது லேசாகத் தொய்ந்திருக்கட்டும். நெருங்கிவிட்டால் நில்லுங்கள், நாயை உங்கள் பின்னால் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் "போ" என்று ஒருமுறை சொல்லுங்கள். பெரும்பாலான கூட்டம் எல்லை தாண்டியதும் திரும்பிவிடும். மாலையில் குடை கொண்டுபோவது என் வழக்கம்; பட்டென்று விரித்துத் தரையை ஒட்டி நடுவில் பிடித்தால் அடிக்காமலே வழி கிடைக்கும்.

அந்தக் கூட்டத்துக்குச் சோறு வைக்கும் ஒருவர் அந்தத் தெருவில் அநேகமாக இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, எல்லா நாய்களுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகவில்லையென்றால் இருவருமாகச் சேர்ந்து மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். அவர் கூப்பிட்டால் அவை வரும் என்பதால், பிடிப்பவர்களுக்கும் வேலை எளிது.

கேள்வி: எங்கள் பெண் நாய் பருவத்துக்கு வந்திருக்கிறது. கயிற்றோடு மைதானத்துக்குக் கொண்டுபோகலாமா? – ஒரு வாசகி, அம்மாப்பேட்டை.

பதில்: கூடாது. ரத்தக் கசிவு தெரிந்த நாளிலிருந்து நான்கு வாரம் மைதானத்தை மறந்துவிடுங்கள். கசிவு நின்றுவிட்டது என்று பத்துப் பன்னிரண்டு நாளில் கொண்டுபோவதுதான் பெரிய தவறு, ஏனென்றால் சினைப்பிடிக்கும் நாட்கள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன. கயிறு ஆண் நாய்களைத் தடுக்காது, அவற்றுக்குள் சண்டையும் மூளும். குட்டி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், இந்தப் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். கர்ப்பப்பையில் சீழ் வைத்து நடு இரவில் அறுவைக்கு ஓடிவரும் நிலையும் அதோடு போய்விடும்.

கேள்வி: ஒன்பது வயது லாப்ரடாரைத் தத்தெடுத்திருக்கிறோம். மைதானத்துக்கு மூன்று முறை கூட்டிப் போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் எங்கள் காலருகே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்ற நாய்கள் மோந்து பார்க்க வந்தால் உறுமுகிறது. இதை எப்படி விளையாட வைப்பது? – ஒரு தம்பதி, ஃபேர்லேண்ட்ஸ்.

பதில்: விளையாட வைக்க வேண்டாம். வயது வந்த நாய்களில் பல முன்பின் அறியாத கூட்டத்தை விரும்புவதில்லை. அதில் குறை எதுவும் இல்லை. உறுமுவதைத் தண்டிக்காதீர்கள், அது "தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொல்கிறது. உறுமக்கூடாது என்று பழக்கிவிட்டால் சொல்லாமலே கடிக்கும். மைதானத்துக்குப் பதிலாகக் காலையில் கூட்டமில்லாத தெருக்களில் இருபது நிமிடம், அது நின்று முகரும் இடத்திலெல்லாம் நீங்களும் நின்று, அதன் வேகத்தில் நடத்துங்கள். பழகிய ஒரு நாய் இருந்தால் அதோடு பக்கத்தில் பக்கத்தில் நடத்திப் போவது, பத்து நாய்களுக்கு நடுவில் விடுவதைவிட நூறு மடங்கு மேல்.

ஆனால் ஒன்றைக் கவனித்துவிடுங்கள். ஒன்பது வயது லாப்ரடார் அடிக்கடி உட்காருவதற்கும், யாராவது இடித்துவிடுவார்களோ என்று உறுமுவதற்கும் இடுப்பு மூட்டு வலியே காரணமாக இருக்கக்கூடும். எழுந்திருக்கும்போது முன்னங்கால்களில் பாரம் போட்டு இழுத்துக்கொண்டு எழுகிறதா, மாடிப்படி ஏறத் தயங்குகிறதா, வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்குகிறதா என்று இந்த வாரம் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் இரவுச் சாதத்தில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் வேகவைத்த பீன்ஸ் வையுங்கள்; டைல்ஸ் மேல் பழைய கோணிச்சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போடுங்கள். வலி இருக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் ஐபுபுரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கென்று உள்ள வலி மாத்திரையை, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு, மருத்துவர் எழுதித் தரட்டும்.